விசுவாசமும் ஒரே பந்தியும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சமுதாயப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்துவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில் பேச எனக்கு வாய்ப்பளித்தமைக்கு நன்றி. "அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள பொருள். நம் கழகத்தில் கிறிஸ்தவர்களும் உண்டு. இந்து சமயத்தவரும் உண்டு. பௌத்தம் தழுவியோரும் உண்டு. எச்சமயமும் வேண்டா என்போரும் உண்டு. அவ்வாறிருக்க இப்பொருள் இங்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலத்தில் நம் கிறிஸ்தவ இளைஞர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகின்றனர். "ஐயா, ஆலயத்துக்குள்ளும் சாதி இருக்கிறது; வெளியே வந்தால் சட்டமும் நம்மைக் கைவிடுகிறது. பிறகு எதற்காக நாம் இந்தச் சபையில் இருக்க வேண்டும்?" இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க மூத்தோராகிய எங்களுக்கு உரிமை இல்லை. என்னால் இயன்ற விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நம் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து நம்மவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்றே பலரும் நினைக்கின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மயிலாடியில், ஒடுக்கப்பட்ட நம் மக்களுள் ஒருவராகப் பிறந்தவர் மகாராசன். அவர் சிதம்பரத்திற்குத் தலயாத்திரை சென்றவர். அங்கே மனநிறைவு காணாமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் நற்செய்தியைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். தம் ஊருக்கும் ஒரு போதகர் வேண்டும் என்று அவரே தேடிச் சென்று கேட்டார். அதன் பின்னரே 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானிய மிஷனெரி மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டுப் போனபோது, அடுத்த மிஷனெரி வந்து சேரும்வரை சபைகளைக் கட்டிக்காக்கும் பொறுப்பு வேதமாணிக்கத்தின் தோள்மேல் இருந்தது.

இது தமிழ் நிலத்தில் மட்டும் நடந்ததன்று. ஆந்திரத்தில் ஓங்கோல் பகுதியில் தோல் வாணிகம் செய்த மாதிகர் இனத்துப் பெரையா, தாமே நற்செய்தியைத் தேடிக் கண்டு, தம் மக்களிடையே ஊர் ஊராகச் சென்று அதைச் சொன்னவர். பஞ்சாபில் சியால்கோட் பகுதியில், கால் ஊனமுற்ற தோல் வணிகர் தித் என்பவர் 1873இல் ஞானஸ்நானம் பெற்றார். மிஷன் வளாகத்திலேயே தங்கிவிடாமல் தம் ஊருக்குத் திரும்பிச் சென்று, தம் வீட்டாரையும் அயலாரையும் அழைத்து வந்தார். ஆயிரக்கணக்கானோர் அவர் வழியில் வந்தனர். எனவே, இளைஞர்களே, சபையில் நாம் விருந்தாளிகள் அல்லோம். யாரோ இரங்கி உள்ளே விட்டதால் வந்தவர்களும் அல்லோம். நம் முன்னோர் தம் காலால் நடந்து சென்று தேடி எடுத்த சொத்து இது. இருப்பதா, போவதா என்று எண்ணிப் பார்க்குமுன் இந்த உரிமையை நாம் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அவர்கள் தேடிய பொருள்தான் என்ன? சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஏளனமாகச் சொல்வோர் உண்டு. பசித்தவன் சோற்றைத் தேடுவது இழிவு என்று நான் கருதவில்லை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பங்கிட்ட ஆண்டவரைப் பின்பற்றுவோர் அப்படிக் கருதவும் முடியாது. ஆயினும் நம்மவர் தேடியது சோறு மட்டும் அன்று. 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் நம் மக்கள் பட்ட பாட்டை ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனெரிமார் எழுதி எழுதி வெளிக்கொணர்ந்தனர். அம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் நிலம் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிலம், எழுத்து, மனு எழுதும் துணிவு, நிமிர்ந்து நிற்கும் முதுகு ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே அவர்கள் கண்ட இரட்சிப்பு. ஆன்மாவை ஒரு பக்கமும் வயிற்றை ஒரு பக்கமும் வைத்து அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

என் குடும்பத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. நாள்தோறும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரையில் இருந்த சிறு மண்கலயத்தில் போடுவார். அது சபைக்கு உரிய கைப்பிடி அரிசி. அளந்ததே அரைவயிற்றுக்குத்தான் காணும் என்ற நாளிலும் அந்தப் பிடி தவறாது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவார். விசுவாசம் என்பதற்கு விளக்கம் கேட்டால், வேதசாத்திர நூல்களைவிட அந்தக் கலயமே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இல்லாமையிலும், தன்னைவிட இல்லாத ஒருவர் உண்டு என்று எண்ணும் மனம் அது.

இனி அந்தச் சபை நமக்குச் செய்தது என்ன என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

அப்பாட்டி இறந்தபோது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் சபைக்கு ஒரு பிரேத வண்டி இருந்தது. சபை மக்கள் எல்லாருடைய காணிக்கையிலும் செய்யப்பட்ட வண்டி. அதைக் கேட்டபோது சக்கரம் பழுது என்றார்கள். பிரதான தெரு வழியே போக வேண்டா என்றும் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் அரிசி கொண்டுபோய்க் கொட்டிய அந்தக் கிழவியை மழைச் சேற்றில் வயல் வரப்பு வழியாகத் தோளில் சுமந்து சென்றோம். உபதேசியார் ஒருவர் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்து வந்து, கல்லறைத் தோட்டத்தின் பின்மூலையில் ஜெபம் செய்து அடக்கம் பண்ணினார். மறு வாரம் வேறு தெருக்காரர் ஒருவருடைய அடக்கத்துக்கு அதே வண்டி அதே சக்கரத்தோடு போயிற்று. அச்சபையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உங்களில் பலர் இப்பொழுது உங்கள் ஊரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்நோய் புதிதன்று. 1833ஆம் ஆண்டில் ஆங்கிலத் திருச்சபையின் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே பாத்திரத்தில் பருகுவதைவிடச் சபையை விட்டே போவது மேல் என்று பலர் விலகிச் சென்றனர். கிறிஸ்துவை விடலாம், சாதியை விட முடியாது என்று அவர்கள் செயலால் அறிக்கை செய்தனர். இது நடந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் நிலவுவதை அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற வேறுபாடு இதில் இல்லை.

விசுவாசத்தின் சோதனை எங்கே நடக்கிறது என்பதைப் பவுல் அடிகளார் தம் நிருபங்களில் தெளிவாகக் காட்டியிருக்கிறார். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாக உணவருந்தி வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அப்போது பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேராக எதிர்த்தார். கொரிந்துச் சபையிலே செல்வர் முந்தி உண்டு களிக்க, உழைத்துக் களைத்துப் பிந்தி வந்த ஏழைகள் பசியோடிருந்தனர். அப்படி உண்பது ஆண்டவருடைய பந்தியே அன்று என்று பவுல் கடிந்துகொண்டார். இவ்விரு இடங்களிலும் தகராறு ஜெபத்தைப் பற்றியதோ பாட்டைப் பற்றியதோ அன்று. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பற்றியது. ஆகவே, திருவிருந்தில் ஒரே பாத்திரம், வீட்டுத் திருமணத்தில் வேறு பந்தி என்று வாழ்பவர் எத்தனை வசனங்களை மனப்பாடமாகச் சொன்னாலும் பவுலின் கேள்விக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும்.

அடுத்து, சட்டத்தால் நமக்கு நேர்ந்துள்ள இடர்ப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து அல்லாத சமயத்தைச் சேர்ந்தவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்று தன் மூன்றாம் பத்தியில் கூறியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகள் மாநில அரசால் கிடைத்தாலும், தனித் தொகுதியில் போட்டியிடவோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பைக் கோரவோ வழியில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்னும் தொழிலாளிக்கு, மற்றத் தோழர்களுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது, முன்னிருந்த அளவுக்கே இன்னல்கள் தொடர்வதையும் நிறுவ வேண்டும் என்று 1985இல் தீர்ப்பாயிற்று. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அம்மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்கும் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் இயற்றியது. 2024 நவம்பரிலோ, கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சான்று கோருவது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இதன் விளைவு நம் வீடுகளில் என்ன? ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர். ஆலயப் பதிவேட்டில் ஒன்று. பள்ளிச் சான்றிதழில் மற்றொன்று. ஜெபத்தில் ஒரு பெயரால் அழைக்கப்படும் பிள்ளை, வட்டாட்சியர் அலுவலகத்தில் அப்பெயரை விழுங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அஞ்சும் அரசு ஊழியர்களை நான் அறிவேன். இவர்களைப் பொய்யர் என்று ஏசுவதற்கு என் நாக்கு எழாது. பொய்யான தேர்வுக்குள் அவர்களைத் தள்ளியது அந்த ஆணை. ஞானஸ்நானம் பெற்றவுடன் சேரி தெருவாகிவிட்டதா? பெயர் மாறியவுடன் தேநீர்க் கடையில் குவளை மாறிவிட்டதா? இல்லையே! ஆயினும் இளைஞர்களே, இரண்டு பெயரோடு வாழ்வதன் விலை பெரிது. அச்சம் மனத்தில் குடியேறினால் அநீதியை எதிர்த்து வாய் திறக்க முடியாது. எனவே சான்றிதழில் ஒளிந்துகொள்வதோடு நின்றுவிடாமல், அந்த மூன்றாம் பத்தியை நீக்கும் போராட்டத்தில் வெளிப்படையாகப் பங்கு கொள்ளுங்கள்.

இப்போராட்டத்தில் இந்து தலித் சகோதரர்கள் நமக்குப் பகைவர் அல்லர். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை. துப்பாக்கிக் குண்டு அவர்களுடைய சான்றிதழைப் பார்த்துப் பாயவில்லை. ஒரே நிலத்துக்காக ஒரே நாளில் சிந்திய அந்த இரத்தத்தை நாம் மதத்தால் பிரித்துப் பேசலாகாது.

பிறரைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வதே நேர்மை. தூய்மைப் பணி செய்யும் அருந்ததியர் வீட்டில் நாம் கை நனைக்கிறோமா? நம் பிள்ளைகளுக்குப் பெண் எடுக்கும்போது உட்பிரிவைக் கேட்காமல் இருக்கிறோமா? ஆலயத்திலிருந்து வந்ததும் ஆடவர் சாய்ந்துகொள்ள, பெண்கள் அடுப்படியில் வேகிறார்களே, அவர்கள் ஆராதனை எப்போது முடிகிறது? தென்னிந்தியத் திருச்சபையில் நந்தியால் திருமண்டலத்தின் பேராயராக 2013இல் புஷ்ப லலிதா அம்மையார் அபிஷேகம் செய்யப்பட்டார். நம் ஊர்ச் சபைக் குழுவிலோ ஒரு தாய் உட்கார்ந்து கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். அந்தியோகியாவில் பேதுரு செய்ததை நம் வீட்டுத் திண்ணையில் நாம் செய்துகொண்டிருக்கக் கூடாது.

சரி, சபையில் எதற்காக இருக்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் பாட்டியின் அடக்கத்துக்குப் பிறகு எங்கள் தெருவிலும் இதே கேள்வி எழுந்தது. போய்விடலாம் என்றனர் இளைஞர். என் தந்தையாரும் அவருடைய தோழர்களும் வேறொரு முடிவு செய்தனர். கைப்பிடி அரிசியை இனி நம் தெருவிலேயே சேர்த்து விற்று, அப்பணத்தில் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுவது. ஆனால் ஆலயத்தில் நம் இடத்தை விடுவதில்லை. ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் எழுந்து வண்டியைப் பற்றிக் கேட்பது. அவ்வாறே கேட்டனர். முதலில் சிரித்தார்கள், பின்பு சினந்தார்கள், பதினோராம் ஆண்டில் வண்டி எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் எழுதினார்கள். கல்லறைத் தோட்டத்தின் பின்மூலை இன்னும் பின்மூலையாகவே இருக்கிறது. அதைக் கேட்கும் கடமை எங்கள் தலைமுறைக்கும் உங்கள் தலைமுறைக்கும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த அரிசிப் பணத்தில் பள்ளி இறுதித் தேர்வு எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே என் விடை இது. சபையில் இருப்பது என்றால் தலை குனிந்து இருப்பதன்று; உரிமையாளனாக இருந்து கேள்வி கேட்பது. மனம் நொந்து வெளியேறியவர்களை நான் குறை கூறவில்லை. அவர்களும் நம் உறவினரே. இருப்பவர்களுக்கு மட்டும் சில கடமைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வேதாகமத்தை நீங்களே படியுங்கள். 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து, ஒடுக்கப்பட்டோர் கண்கொண்டு வேதத்தைப் படிக்கும் இறையியல் ஒன்று நம்மிடையே வளர்ந்துள்ளது. அதை அறிந்துகொள்ளுங்கள். 1992இல் வெளிவந்த பாமாவின் "கருக்கு" நூலையும் படியுங்கள். விசுவாசமும் சாதியும் ஒரு பெண்ணின் வாழ்வில் மோதிக்கொண்ட கதை அது.

இரண்டாவது, நம் கலையைக் கண்டு நாணாதீர்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று நாம் அன்போடு அழைப்பவர், நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி அனைவரும் உண்ண வேண்டும் என்பதை ஓயாது வலியுறுத்தினார். சாவுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கப்பட்ட பறை, உயிர்த்தெழுதலின் ஞாயிறு அன்று நம் ஆலயங்களில் முழங்கட்டும்.

மூன்றாவது, சபைத் தேர்தலையும் சபைக் கணக்கையும் பிறருக்கு விட்டுவிடாதீர்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் உள்ளதா என்று பாருங்கள். சபைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், எத்தனை வேலை என்று எழுத்து மூலம் கேளுங்கள். தென் மாவட்டங்களில் ஆண்டுதோறும் நடக்கும் அசனப் பண்டிகையில் எல்லாரும் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்து ஒன்றாக உண்கிறோம். அங்கே உலையருகில் நிற்பவர் யார், பந்தி பரிமாறுபவர் யார், இலை எடுப்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். இலை எடுக்கும் வேலை ஒரு தெருவுக்கே உரியதாக இருந்தால் அதை அந்த இடத்திலேயே கேளுங்கள்.

நான்காவது, இக்கழகத்துக்குக் கொடுங்கள். வேலைக்குப் போனபின் நகரத்தில் வீடு கட்டிக்கொண்டு ஊரை மறந்துவிடாதீர்கள். மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியை உங்கள் கைப்பிடி அரிசியாக எண்ணி எடுத்து வையுங்கள். எந்தச் சான்றிதழும் கைகொடுக்காத பிள்ளை ஒன்று நம் ஊரில் எங்கோ விண்ணப்பப் படிவத்தோடு நின்றுகொண்டிருக்கிறது. அப்பிள்ளையின் கட்டணம் கட்டப்படுமா என்பதே வரும் ஆண்டுகளில் நம் விசுவாசத்துக்கு வரும் தேர்வு. அத்தேர்வில் நாம் தேறுவோம் என்ற நம்பிக்கையோடு, கழகம் மேலும் பல்லாண்டு ஓங்கி வளர வாழ்த்தி அமைகிறேன்.